கவாத்துக்குப் பின்

அய்யன்கொல்லியில் மூன்றாம் நாளாக மழை.
ஆறு மணிக்குக் கொட்டகை விளக்கைப் போட்டு
முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.
குட்டிகள் பிறகு.

பதினோரு குட்டிகள் இரவெல்லாம்
சிமெண்டில் எழுதிவைத்ததை
டார்ச் அடித்துப் படிக்கிறேன்:
மஞ்சள். தண்ணீர். நுரை.
வாலடியில் ஒட்டிக் காய்ந்தது கொஞ்சம்.
ஒன்பதாவதுடையது மட்டும்
எழுத்தே கூடாமல் ஓடியிருக்கிறது
வடிகால் வரைக்கும்.

தாயிடமிருந்து பிரித்து இன்று ஐந்தாம் நாள்.
பிரித்தது நான்தான்.
பெரியவள் அடுத்த ஈத்துக்குத் தயாராக வேண்டும்,
மார்ச்சில் வங்கித் தவணை.

கால்நடை ஆய்வாளர் பெர்சீலியா
ரெயின்கோட்டைக் கழற்றாமலே சொன்னார்:
"குடலுக்குள்ள பொடிப்பொடியா
விரல் மாதிரி நிக்கும்.
பால் நின்ன அதிர்ச்சியில
எல்லாம் மழுங்கிப் போயிரும்.
திங்கிறதைப் பிடிச்சுக்க ஆளில்ல உள்ள."

நான் விரலை நினைக்கவில்லை.
எதிர்ச் சரிவைப் பார்த்தேன்.
ஆகஸ்டில் கவாத்து வெட்டிய தேயிலை
முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாய்
மழையை அப்படியே கீழே விட்டுக்கொண்டிருந்தது.
தொண்ணூறு நாள் பொறுப்போம்,
முதல் துளிரைக் கிள்ள.

குட்டிக்குத் தொண்ணூறு நாள் கிடையாது.

அதற்குத்தான் குரியாச்சன் கடைப் பொட்டலம்:
ஏ, டி, ஈ, கே.
அட்டையில் ஒரு வெள்ளைப் பன்றி சிரிக்கிறது.
என் பன்றிகள் சிரித்து நான் பார்த்ததில்லை,
வாளிச் சத்தம் கேட்டால் கத்தும், அவ்வளவுதான்.
ஏ, குடலின் தோலைத் திரும்பத் துளிர்க்க வைக்குமாம்.
ஈ, அந்தத் துளிர் கருகாமல் காக்குமாம்.
மற்ற இரண்டையும் கேட்டேன்,
மறந்துவிட்டேன்.

பெர்சீலியா பொட்டலத்துக்குள் விரலை விட்டார்.
மாவு வரவில்லை,
மஞ்சள் கட்டி வந்தது.
மே மாதம் வாங்கிச் சுவரோரம் வைத்தது.
இந்த ஊரில் உப்பு அழும், தீப்பெட்டி அழும்,
கல்யாணப் போட்டோ அழும்.
வைட்டமினும் அழும் என்று
எனக்கு யார் சொன்னார்கள்?

"பாதி செத்த மருந்தும்மா இது.
நூறு கிலோ தீவனத்துக்கு எவ்வளவு போட்டீங்க?"
ஒரு கைப்பிடி என்றேன்.
"யார் கை?"

என் கையைப் பார்த்தேன்.
கொழுந்து பறித்துக் கறுத்த கை.
என் வீட்டுக்காரர் போட்ட நாளில்
அவர் கை.
"கட்டி விழுந்த பக்கம் தின்னதுக்கு மூணு பங்கு,
இந்தப் பக்கம் தின்னதுக்கு ஒண்ணுமில்ல.
ஏ அதிகமானா எலும்பைப் பிடிக்கும், தெரியுமா?"

தெரியாது.
சத்து என்றால் கூடக்கூட நல்லது என்றுதான்
இத்தனை வருசமும்.

பந்தலூர் பேக்கரி அந்துவான்
கேக்குக்குச் சோடா உப்பு நிறுக்கும் தராசைத் தந்தான்.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
புதுப் பொட்டலம், இறுகமூடும் டப்பா.
முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து,
அதைப் பத்துக் கிலோவில்,
அதை நூறில்.
தரைக்கு உமி. மூலைக்கு நூறு வாட் பல்பு.
"குளிர்ல நனைஞ்சு நிக்கிற குட்டிக்கு
எந்த எழுத்தைக் கொடுத்தும் பிரயோசனமில்ல"
என்று போகும்போது கேட்டருகில் நின்று கத்தினார்.

ஒன்பதாவது அதற்குக் காத்திருக்கவில்லை.
ஏழாம் நாள் விடியலில்
காப்பிச் செடியின் கீழ் ஒரு முழக் குழி.
நோட்டில் அதன் எண்ணை அடிக்க மனசில்லாமல்
கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.
குனிந்து பார்த்தேன்.
உட்கார்ந்து பார்த்தேன்.
பெர்சீலியாவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் பேண்டு வாத்தியம்,
இலை போடச் சொல்லும் சத்தம்.
"கெட்டியா போயிருக்கு!" என்று கத்தினேன்.
"எத்தனை?"
"ஆறு. இல்ல, ஏழு."
"அம்மா, நான் பிரியாணி சாப்பிட்டுட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் பேண்டு மட்டும்.

"என்ன நிறம்?" என்றார் பிறகு.
லைனை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு
டார்ச் எடுக்க ஓடினேன்.