எல்லோரும் ஒன்றில் இருந்தார்கள்

இம்தியாஸ் பாய் மேசையில் மூன்று டப்பா வைத்தார்.
எண்ணூற்றைம்பது.
மூவாயிரத்து இருநூறு.
மூன்றாவதன் விலையைச் சொல்லாமல்
தூசி துடைத்தார்.
வெளியே கிருஷ்ணகிரி பெங்களூர் சாலையில்
மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்.
வைகாசியில் இன்னும் ஏழு முகூர்த்தம் பாக்கி எனக்கு.

முதலில் வைத்திருந்தது கண்ணுள்ள விளக்கு.
எங்கே பளிச்சென்றாலும் கூடவே வெடிக்கும்,
டிரிக்கர் செலவு இல்லை.
அணைப் பூங்காவின் நண்பகலில் அதற்குப் பார்வை போய்விடும்.
மண்டபத்துக்குள் வந்தால்
தேவைக்கு மேல் தெரியும்.
காவேரிப்பட்டினத்தில் ஒரு தாலிகட்டு;
மாப்பிள்ளையின் துபாய் மச்சான்கள் நாலு பேர்,
நாலு பேர் கையிலும் குட்டிக் கேமரா.
அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம்
என் விளக்கு போய்ப் போய்ப் பதில் சொன்னது.
முடிச்சு விழுகிற நொடியில்
பேட்டரியில் உயிரில்லை.
அந்த ஆல்பத்தில் மஞ்சள் கயிறு
ஒரு யூகம்தான்.

அப்புறம் எண்ணூற்றைம்பது ரூபாய் ரேடியோ.
நாலு சேனல். டப்பாவிலிருந்து வரும்போது ஒன்றில் இருக்கும்,
ஒன்றிலேயே விட்டுவிடுவோம்.
கொஞ்சம் வேகம் கூட்டினால் பிந்தி அடிக்கும்,
மாப்பிள்ளை வேட்டிக்கு
அரை அடிக் கறுப்புக் கரை போட்டுத் தரும்.
ஆனாலும் தூணுக்குப் பின்னால்
வேடியப்பன் ஸ்டாண்டோடு நின்றால்கூட எட்டும்.
அதுவரை சந்தோஷம்.

பைபாஸ் ஓரம் இரண்டு மாடி மண்டபம்.
கீழே என் நிச்சயதார்த்தம்,
மேலே வேறு யாருக்கோ ரிசப்ஷன்.
நான் தொடாத நேரத்தில் என் விளக்கு அடித்தது.
மறுபடியும்.
தாம்பூலத் தட்டின்மேல், காலி நாற்காலிமேல்,
மூக்குச் சிந்திய பெரியவர்மேல்.
"அக்கா, நீங்க அழுத்தலையே?"
வேடியப்பன் ஸ்டாண்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்தான்,
அது கடித்துவிடும் போல.

பந்தியில் எதிர் இலை நஞ்சேகவுடு, மேல்மாடி கேமரா.
"எத்தனையில இருக்கீங்க?"
"ஒன்னு."
"நானும் ஒன்னு."
ரசத்தை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தோம்.
இடது கையால் கேமராவைத் திருப்பிக் காட்டினார்.
சீரியல் செட்டுக்காக முழுசாய் ஒரு நொடி
ஷட்டரைத் திறந்து வைத்திருக்கிறார்,
ஃபிளாஷ் வேண்டாமென்று டிரிக்கரைக் கழற்றிவிட்டு.
அந்த நொடிக்குள் கீழே நான் அழுத்தியிருக்கிறேன்.
பூ அலங்காரத்தின் ஓரத்தில்,
யாரும் பார்க்கவில்லையென்று
ஒற்றைச் செருப்பைக் கழற்றிக்
குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் மணப்பெண்.
அவ்வளவு துல்லியம்.
திறந்தது அவர். வெளிச்சம் போட்டது நான்.
படம் யாருடையதென்று பேசிக்கொள்ளவில்லை;
பாயசம் வந்துவிட்டது.

"முப்பத்திரண்டு சேனல், ரகசிய எண் வேற."
விலை சொல்லாத டப்பாவைத் தட்டினார் பாய்,
"ஒரு பய உள்ள வர முடியாது."
நான் நடுவிலிருந்ததைக் கேட்டேன்.
வேடியப்பனைச் சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினோம்,
டீக்கடைப் பலகையருகே, விளக்கோடு.
இடையில் லாரி, லாரி, ஓசூர் பஸ், லாரி.
நொடியில் இருநூறில் ஒரு பங்கு வைத்து அழுத்தினேன்.
மாங்காய்க் குவியலுக்கு அப்பால்
வெள்ளையாய் ஒன்று வெட்டியது.
படத்தின் அடியில் கறுப்புக் கரை இல்லை.
இன்னொரு தரம்.
லாரி டிரைவர் ஒருவர்
போலீஸ் கேமராவென்று நினைத்து
அவசர அவசரமாக பெல்ட் மாட்டினார்.
"இதையே பில் போடுங்க பாய்."

பிளாஸ்திரியில் பதினொன்று என்று எழுதி
மூடியில் ஒட்டினான் வேடியப்பன்.
பழைய செட்டுக்கு நூறு ரூபாய் கழிப்பதாகச் சொன்னார் பாய்.
வேண்டாமென்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.
பேட்டரியைக் கழற்றவில்லை.
அது இன்னும் ஒன்றில்தான் இருக்கிறது.