தக்கை

படகு கட்டத்தான் தெரியும் எனக்கு.
கெம்சி கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
ருடெசிந்தோவிடம் நாற்காலி மட்டும் கேட்காதே என்று.

தொட்டில் வேண்டும் என்றாள் நெல்டா,
புவேர்த்தோ மோந்திலிருந்து, மழைக்கு மேல் கத்தி.
எத்தனை முழம் என்றேன்.
ஆளே இன்னும் வரவில்லை அப்பா,
அளவுக்கு எங்கே போக?

சைப்ரஸ் பலகை நாலு கிடந்தது,
முன்பணம் கொடுத்தவன் திரும்பி வராத படகில் மிச்சம்.
ஆவியில் வேகவைத்து வளைத்தேன்.
வங்கு ஆறு. தலைமாட்டில் அணியம்.
ஏரா வைக்கவில்லை, தரையில் ஆட வேண்டுமே.
ஆனால் இடுக்கு விடக் கை ஒப்பவில்லை.
கலப்பத்து அடித்தேன்,
ஒரு சொட்டு உள்ளே வராதபடி.

மரத்தூளை ஊதியபோதுதான் பார்த்தேன்.
அமரத்தின் அடியில், கட்டைவிரல் பருமனில்
ஓர் ஓட்டை.
நான்தான் போட்டிருக்கிறேன். எப்போது?
நாற்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் போடுவது,
கரையேற்றினால் தண்ணீர் வடிய.

சால்மன் லாரி வாசலில் ஹாரன் அடித்தது.
தக்கை ஒன்று செதுக்கி
அடைத்து ஏற்றிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வாரம் கூப்பிட்டாள்.
சிரிப்பு பாதி வார்த்தையைத் தின்றது.
பெண். ராத்திரி முழுக்க நனைக்கிறாள்.
கழுவி ஊற்றிவிட்டு
தக்கையைப் பிடுங்கினேன் அப்பா,
எல்லாம் வடிந்து போயிற்று,
உனக்கு எப்படித் தெரியும்?

தெரியும் என்றேன்.

பெயர்?
இன்னும் வைக்கவில்லை.

பெயர் எழுதாமல் எதையும் நான் தண்ணீரில் இறக்கியதில்லை.
ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்,
நீலப் பெயிண்டோடு.
அதற்குள் ஏதாவது சொல்,
நீளமாக வேண்டாம், இடம் குறைவு.