நியூட்ரல்

தடைக்காலம் முடிய மூன்று நாள்.
காசிமேடு முழுக்கப் பச்சை பெயிண்ட் வாசனை.
'அங்காளம்மன் துணை'யின் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமென்று
ஆள் அனுப்பியிருந்தார் நாகபூஷணம்.
செயின் பிளாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.
அறுபதாயிரம் ஆகும் என்று
யாரோ ஏற்கெனவே அவர் வயிற்றைக் கலக்கியிருந்தார்கள்.

டிரைவர் தயாளன் உள்ளங்கையை விரித்தார்.
கட்டைவிரலுக்குக் கீழே
பழைய நாலணா அகலத்துக்குக் காய்ப்பு.
"முன்ன தள்ள ஒரு கை பத்தாது.
பின்ன இழுக்க
காலை முட்டுக் குடுத்துத்தான் இழுக்கணும்.
ரெண்டு சீசனா இப்டித்தான் ஓட்றேன்."

எஞ்சின் அறைக்குள் இறங்கினேன்.
ஒரே ஒரு காட்டர் பின்.
துரு அதை ஆணியாக்கி வைத்திருந்தது.
பிடுங்கினேன்.
இப்போது கேபிள் தனி, பெட்டி தனி.
பெட்டியின் லீவரை இரண்டு விரலால் தொட்டேன்.
டக், முன்.
டக், நடு.
டக், பின்.
குண்டு குழியில் விழுகிற சத்தம்.
பதினோரு வருடப் பெட்டி
புதுத் தாழ்ப்பாள் மாதிரி பேசியது.

மேலே வந்து கேபின் கைப்பிடியை அசைத்தேன்.
மறுமுனையில் எதுவும் மாட்டியில்லை.
அப்படியும் அது
ரேஷன் கடை ஷட்டரைப் போலத்தான் வந்தது.

"பெட்டி நல்லா கீதுண்ணே. கேபிள்தான்."
யாரும் சந்தோஷப்படவில்லை.
அறுபதாயிரத்துக்கு வட்டி பேசி முடித்தவருக்கு
மூவாயிரம் என்றால் கொஞ்சம் அவமானம்தான்.
"நல்லா பாத்தியா?" என்றார்.

கேபிளை உருவினேன். பதினாறு அடி.
புதிதாக அடித்த படுக்கைப் பலகைக்கு வழிவிட்டு
ஐஸ் பெட்டிக்குப் பின்னால்
முழங்கை மாதிரி மடிந்திருந்தது.
அது ஒரு குற்றம்.
உறையின் வாயை மூக்கருகே கொண்டுபோனேன்.
கிரீஸ் இல்லை. டீசல் இல்லை.
நெத்திலி வறுத்த வாசனை.
உள்ளே கம்பி நெடுக
மஞ்சளாய், பிசினாய் உறைந்திருந்தது
சமையல் எண்ணெய்.

நிமிர்ந்தேன்.
அப்பலராஜு வலையில் இல்லாத கிழிசலைத்
தேடிக்கொண்டிருந்தான்.
ஸ்ரீகாகுளத்துப் பையன். அடுப்பும் அவன் பொறுப்பு.
ஏதோ ஒரு ராத்திரி, கரை தெரியாத தூரத்தில்,
தயாளனின் மணிக்கட்டு வீங்கியதைப் பார்த்துவிட்டு
வாணலியில் மிஞ்சியதை ஊற்றியிருப்பான்.
அன்றைக்கு வழுக்கியிருக்கும்.
எட்டாம் நாள் ஒட்டியிருக்கும்.
இன்னும் கொஞ்சம் ஊற்றியிருப்பான்.

"என்னாச்சு அதுக்கு?" என்றார் நாகபூஷணம்.
"உப்பு" என்றேன்.
இந்தத் துறைமுகத்தில்
உப்பு சுமக்காத பழியா.

தம்பு செட்டித் தெருவில் புதுக் கேபிள் வாங்கினேன்.
பலகையின் மூலையை நானே அறுத்து
சோற்றுத் தட்டு அகலத்துக்கு வளைவு விட்டேன்.
முன்னே எத்தனை விரல்கடை நகர்கிறதோ
பின்னேயும் அத்தனை நகரும்வரை
நட்டைத் திருகித் திருகி நிறுத்தினேன்.
புதுப் பின் போட்டுக் காதை மடக்கினேன்.
தயாளன் ரேஷன் டீசலுக்கு வரிசையில் நின்றிருந்தார்.
தொட்டுப் பார்க்க வரவில்லை.

தடை முடிந்த இரவு.
கற்பூரம், பூசணிக்காய், ஐஸ் அரைக்கும் இரைச்சல்.
எஞ்சின் பிடித்தது.
தயாளன் வலது காலைப் பலகையில் ஊன்றினார்,
இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினார்,
இரண்டு சீசனாய்த் தள்ளிய பலத்தோடு
தள்ளினார்.

கியரும் வேகமும் ஒரே கைப்பிடி.
அது காற்றைப் போல் கடைசிவரை போய்விட்டது.
படகு துள்ளி
எதிரில் கட்டியிருந்த படகின் டயர்களில்
நெஞ்சால் முட்டியது.
"யோவ், தண்ணி போட்டுட்டா எடுக்கற!"
பூசணித் துண்டுகள் தண்ணீரில் உருண்டன.
தயாளன் கையை எடுத்து
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு விரல் போதும்ணே!"
ஜெட்டியிலிருந்து கத்தினேன்.
நூறு எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?
இரண்டு விரலை உயர்த்திக் காட்டினேன்.
முன்னணியத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த அப்பலராஜு
என்ன புரிந்துகொண்டானோ,
ஈறு தெரியச் சிரித்து
எனக்கும் இரண்டு விரல் காட்டினான்.