வை

ஸ்பெயினிலிருந்து பதினாறு பேர், தைப் பொங்கலுக்கு.
பலகை எழுதச் சொன்னார் அடைக்கலம் அண்ணன்.
"இழு, தள்ளு, தொடாதே. ஏழெட்டு வார்த்தைதானே காளீஸ்வரி,
செல்லைப் பார்த்து எழுது."

எழுது. துடை. விரி. கொண்டா.
கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட இந்த வீட்டில்
பதினொரு வருஷமாக
வினைச்சொல்லின் வேர் மட்டும்தான் எனக்கு வரும்.
விருந்தாளியிடம் போகும்போது அதே வேர்
'ங்க' என்றொரு பட்டுத் துண்டு போர்த்திக்கொள்ளும்.

ராத்திரி பள்ளத்தூர் திரும்பி
அரிசியை ஊறப்போட்டுவிட்டு
கட்டளையிடப் படித்தேன்,
முப்பத்து நாலு வயதில், முதல் தடவையாக.

அங்கேயும் நீ வேறு, நீங்கள் வேறு.
'அவள் பாடுகிறாள்' என்கிற சொல்லையே
முகத்தைப் பார்த்துச் சொன்னால்
'பாடு' என்று ஆகிவிடுமாம்: காந்தா.
அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தவளை
வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரி.

வேண்டாம் என்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.
ஆ இருந்த இடத்தில் ஏ வரும்,
ஏ இருந்த இடத்தில் ஆ.
தோகா, தொடு.
நோ தோகேஸ், தொடாதே.
அந்த மாறிய உயிரெழுத்து
ஆசைக்கும் சந்தேகத்துக்கும் என்று எடுத்துவைத்த உருவம்.
தடுக்க நினைப்பவள்
'இப்படி நடந்தால் தேவலையே' என்கிற குரலை
இரவல் வாங்குகிறாள்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எட்டுச் சொல் விதிக்கு அடங்காது. எல்லாம் குட்டைச் சொற்கள்.
சால்: வெளியே போ. உப்புக்கும் அதே பெயர்.
தென்: இந்தா, பிடி.
பென்: வா.
பே என்றால் போ. பார் என்பதற்கும் பேதான்.
போய்ப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும்.
பொன்: வை.

பொன். வை.
அரிசி ஊறி முடிகிற வரை அதிலேயே நின்றேன்.

ஷார்ஜாவிலிருந்து சேவுகன்
மூன்று வாரமாகச் சொல்வதும் அதைத்தான்.
ஆரத்தை வை. காரைக்குடிக்குப் போ,
செக்காலை ரோட்டில் வை,
வட்டியை நான் கட்டுகிறேன்.
போன வருஷம் வளையலுக்கும்
'கட்டுகிறேன்'தான்.
அதற்கு நிகழ்காலம் என்று பெயர்.
நிகழவில்லை.

மறுநாள் பலகைகளை மாட்டினேன்.
'திரே' என்பதை அண்ணன் இங்கிலீஷாகக் கூட்டிப் படித்து
"கதவுக்கு எதுக்கும்மா டயரு?" என்றார்.
இழுங்கன்னு அர்த்தம் என்றேன்.
இழுத்தார், வரவில்லை.
பக்கம் மாற்றி மாட்டியது நான்தான்.

பதினாறு பேரும் வந்தார்கள்.
பர்மாத் தேக்குத் தூணடியில் நின்று ஒருத்தி சிரித்தாள்.
நரைத்த கிராப், கையில் ஆத்தங்குடிக் கல் ஒன்று.
"இந்தப் பலகை எங்களை நீ என்கிறது,
நீங்கள் என்றல்லவா இருக்க வேண்டும்?"
வழிகாட்டிப் பையன் மொழிபெயர்த்தான்.
தெரிந்துதான் எழுதினேன் என்று நான் சொல்லவில்லை.
மாற்றட்டுமா என்றேன்.
"நோ, நோ" என்றபடி
தூணைத் தொட்டாள், உள்ளங்கை முழுக்க.

இரண்டாங்கட்டில் பால் பொங்கிற்று.
எல்லோரும் கூவினார்கள், அவர்களும் கூடவே, ஏனென்று தெரியாமல்.
அடுப்போரம் நின்ற எனக்கு மட்டும்
ஒரு சொல் நினைவுக்கு வந்தது.
நோ பொங்காஸ். வைக்காதே.
இவ்வளவு மங்களமாக ஒலிக்கிற மறுப்பை
நான் கேட்டதே இல்லை.

அப்போது பார்த்து அவர் அழைத்தார்.
"வெச்சியா?"
"இல்லை."
"எப்ப வெப்பே?"
குலவைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
நன்றாகக் கேட்டது.
"வைக்கிறதா இல்லை" என்றேன்.
அந்தப் பக்கம் ஏசி இரைவது கேட்டது, கொஞ்ச நேரம்.
பிறகு, "சரி, வை" என்றார்.

வைத்தேன்.
போனை, மேடைமேல்,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.