முன் அனுபவம்

ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கடை எண் தேய்ந்துபோன பலகைக்குக் கீழே
ஸ்கூட்டியை அணைக்காமல் நின்றிருந்தேன்.
அணைத்தால் திரும்பக் கிளம்பாது, பேட்டரி அப்படி.

அப்பா உள்ளே.
நான் உள்ளே போனதில்லை.
ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்த வாசல்வரைக்கும்தான்
எனக்கு நானே கொடுத்துக்கொண்ட அனுமதி.

போன் அடித்தது.
கூட்டல் குறி போட்டு முந்நூற்று ஐம்பத்து மூன்று.

அயர்லாந்தில் அப்போது சாயங்காலம் நாலு மணி.
மதியக் கூட்டம் வடிந்து
ராத்திரிக் கூட்டம் ஏறுவதற்குள் பேசுவார் என்று
ஜாஸ்பின் சொல்லிவைத்த மேனேஜர்.
நாளைக்கு என்றவர் இன்றைக்கே கூப்பிட்டுவிட்டார்.
(ஜாஸ்பின் அங்கே லைப்ரரியில் வேலை பார்ப்பதாகத்தான்
அவள் அம்மா இன்னும் சர்ச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

படிக்கப் போகிறவளுக்கு வாரம் இருபது மணி நேரம்,
டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரை நாற்பது.
அந்த நாலு வாரம் மட்டும் கிடைத்தால் போதும்,
பேங்க் லோனில் விழுந்த ஓட்டையை அடைத்துவிடலாம்.
மொட்டை மாடியில் எவர்சில்வர் தட்டில்
ஏழு டம்ளர் தண்ணீர் வைத்து
எட்டு நாள் நடந்து பழகியிருந்தேன்.
கீழ்வீட்டுக்காரம்மா நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்.

பாண்டீஸ்வரி என்பது அவர் நாக்கில் ஏறவில்லை.
பாண்டி என்று கூப்பிடட்டுமா என்றார்.
எனக்குப் பிராண்டி என்றே கேட்டது.
சரி என்றேன்.

முன் அனுபவம் உண்டா?

தட்டு, டம்ளர் என்று நான் ஆரம்பிக்கும்போது
உள்ளேயிருந்து ஒருத்தன், 'அண்ணே, ரெண்டு தண்ணிப் பாக்கெட்டு!'
நாற்காலி ஒன்று சாய்ந்தது.
என்ன சத்தம் என்று கேட்டார்.
பார், என்றேன்.
நீ பாரிலா இருக்கிறாய்?
வாசலில்.

சிரித்தார். அப்புறம் ஒரு கேள்வி,
ஜாஸ்பின் எழுதிக் கொடுத்த பதினாலில் அது இல்லை:
ஒருத்தருக்குப் போதும் என்று
எதை வைத்து நிறுத்துவாய்?

செருப்பைத் தேடுகிறவருக்கு இன்னும் ஒன்று கொடுக்கலாம்.
செருப்பு இல்லை என்பதே தெரியாதவருக்குக் கூடாது.
காசை மறுபடி மறுபடி எண்ணுகிறவர் பரவாயில்லை,
எண்ணாமல் நீட்டுகிறவர் கையை மூடி
அவர் பையிலேயே திரும்ப வைக்கவேண்டும்.
சத்தம் போடுகிறவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.
திடீரென்று மரியாதையாகப் பேசுகிறவரைத்தான் பார்க்கவேண்டும்.
அவரிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது,
வண்டி வெளியே நிற்கிறது என்று சொல்லவேண்டும்.

இங்கிலீஷில் பாதி தப்பாகத்தான் வந்திருக்கும்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்,
நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இதெல்லாம் எங்கே கற்றாய்?
குடும்பத் தொழில், என்றேன்.
நம்பிவிட்டார்.

கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை, வழுக்காத ஷூ.
டிப்ஸைப் பிரித்துக்கொள்வோம்.
டிசம்பர் பதினஞ்சு, ராத்திரி ஷிப்ட்.

ஒன்பதுக்குப் பத்து இருக்கும்போது அப்பா வந்தார்,
ரெண்டு செருப்பையும் ஒரே கையில் பிடித்தபடி.
யாரு போன்ல?
வேலைப்பா.
என்ன வேலைங்க மேடம்?

சொன்னேன். சுருக்கமாக,
இந்த மாதிரி ஒரு இடம், ஆனால் குளிர், என்று.
கோபப்படுவார் என்று
ஸ்கூட்டிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

ரொம்ப நேரம் யோசித்தார்.
அங்கயும் பாட்டிலுக்குப்
பத்து ரூவா கூட வாங்குவாங்களாம்மா?

தெரியலப்பா. கேட்டுச் சொல்றேன்.

இதற்கிடையில் எப்போதோ வண்டி அணைந்துபோயிருந்தது.
உதைத்தேன். மறுபடி உதைத்தேன்.
நீ உக்காரு, நான் தள்றேன் என்று
பின்னால் போன அப்பா
தள்ளவில்லை,
வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.