மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் கோருகிறார்

யூமா குடும்ப நீதிமன்றம். மூன்றாம் எண் அறை.
சாப்பாட்டுக்குப் பிந்தைய வழக்கு.
கூட்டமாட்டேன் குறைக்கமாட்டேன் என்று
காலையிலேயே கை தூக்கிச் சத்தியம் செய்துவிட்டேன்.

எத்தனை மணிக்கு, என்று ஆரம்பிக்கிறார் வழக்கறிஞர் ஹால்டேன்.
கேள்வியின் கடைசியில் ஒரு சின்னச் சொல்: லீவ்.
எனக்கு இரண்டு விநாடி.

சலீர் என்றால் வாசல் தாண்டுவது.
தாண்டியவள் திரும்புவாள் என்பது
அந்தச் சொல்லின் மடியிலேயே முடிந்திருக்கும்.
ஈர்சே என்றால் போய்விடுவது.
கையில் ஒரு பெட்டியாவது இருக்கும்.
தெஹார், விட்டுச்செல்வது:
மேசைமேல் சாவியை,
சில வீடுகளில் புருஷனை.
பிள்ளையை என்று வரும்போது
அதே சொல்லுக்குத் தொண்டை அடைக்கும்.
ஆங்கிலத்தில் இந்த எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பு.

சலீர் எடுத்தேன்.

நியேவெஸ் அர்மெந்தா பதில் சொன்னாள்:
லெட்யூஸ் வயலுக்கு பஸ் நாலு மணிக்கு வரும்,
வந்தாலும் பனி உருகும்வரை யாரும் இறங்கமுடியாது,
உறைந்த இலையைத் தொட்டால்
தொட்ட இடம் கறுத்துப்போகும்.
யாரும் கேட்காத தகவல்.
அதையும் குறைக்காமல் சொன்னேன்.

மகளைத் தோன்யா சாயோவிடம் விட்டிருந்தாள். லெஃப்ட், என்றேன்.
ஃப்ரிட்ஜில் பால் மீதி இருந்தது. அதுவும் லெஃப்ட்.
கையில் பன்னிரண்டு டாலர் மிச்சம். லெஃப்ட்.
சாயோவின் கதவு படிக்கட்டுக்கு இடப்பக்கம்.
அதற்கு நான் என்ன செய்ய!
சுருக்கெழுத்து லோர்னாவின் விரல்கள்
ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டின.

ஹால்டேன் குரலை உயர்த்தவில்லை.
ஆக, யூ லெஃப்ட், என்றார்.
அவர் சொன்ன விதத்தில் ஒரு பெட்டி இருந்தது.
ஈர்சே எடுத்தேன்.
அது அவர் தொனியா, என் பயமா,
இன்றுவரை தெரியவில்லை.

அவள் பட்டென்று சொன்னாள்:
நோ மெ ஃப்வீ. சலீ.
போய்விடவில்லை. வெளியே போனேன்.
தெள்ளத்தெளிவாக நாலே சொல்.
என் வாய், மூன்று மணிக்குச் சோர்ந்த வாய்,
ஆங்கிலத்தில் இப்படிக் கொட்டியது:
நான் லீவ் பண்ணவில்லை. நான் லீவ் பண்ணினேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஹால்டேன் காகிதத்தைக் கீழே வைத்தார்.
இரண்டில் எது, அம்மா?
அந்தக் கேள்வியையும் அவளிடம் கொண்டுபோகவேண்டியவள் நானேதான்.
கொண்டுபோனேன்.
அவள் அவரைப் பார்க்கவில்லை.
அன்று முதல்முறையாக என்னைப் பார்த்தாள்,
கொடுத்த சில்லறையை எண்ணிப் பார்ப்பவள்போல.

எழுந்து நின்றேன்.
இந்த வேலையில் 'நான்' என்பது சாட்சிக்குச் சொந்தம்.
எனக்கென்று ஒன்று சொல்லவேண்டுமானால்
நான் வேறு யாரோ ஆகவேண்டும்.
மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் கோருகிறார், என்றேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
சாட்சி சொன்னது இரண்டு வினைகள்.
மொழிபெயர்ப்பாளர் கொடுத்தது ஒன்று.
முதலாவதில் திரும்பிவருதல் இல்லை.
இரண்டாவதில் உண்டு.

பதிவில் சேருங்கள், என்றார்.
லோர்னா சேர்த்தாள்.
முன்பு சொன்ன ஈர்சேயைப் பற்றி
யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.
சிரித்தது யார் என்று பதிவில் இல்லை.

விசாரணையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.
தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தாள்.
சாட்சியோடு நான் பேசக்கூடாது.
விதியை மீறாமல்
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நடந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் மகனின் குறுஞ்செய்தி:
யா சலீஸ்தே?
கிளம்பியாச்சா என்று கேட்கிறான்.
பன்னிரண்டு வயதுக்காரன்,
யோசிக்காமல் சரியான வினையை எடுத்திருக்கிறான்.

ஆயிற்று, வழியில் இருக்கிறேன், என்று அடித்தேன்.
சாவி கைப்பையில் இருந்தது.
இன்ஜின் அணைந்தே கிடந்தது.