இருநூற்று நாற்பது லிட்டர்

குழாயை வாயால் உறிஞ்சி
பாசி கசக்கும் முதல் மடக்கைத் துப்பிவிட்டு
வாளிக்குள் திருப்புகிறாள் யித்கா.
ஒஸ்ட்ராவாவில் நவம்பர்.
ஏழாவது மாடி ஜன்னலுக்கு வெளியே
விழலாமா வேண்டாமா என்று ஒரு பனி.
இன்று அவளுக்கு விடுப்பு.
எட்டாம் எண் டிராமை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

கோட்டை, துஷானின் தேர்வு.
வாசலில் வாய் பிளந்து குமிழி விடும் முதலையும்,
எந்த ஆற்றிலும் கிடக்காத நீலக் கல்லும்.
முப்பது நியான் மீன்களுக்கு நடுவே
கட்டைவிரல் அளவில் ஒரு சிக்லிட்டை விட்டதும் அவன்தான்.
"சேர்ந்து வாழப் பழகிக்கொள்ளும்" என்றான்.
பழகிக்கொண்டது.
ஒரு காலையில் இருபத்தெட்டு.
பிறகு பத்தொன்பது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

போகும்போது சிக்லிட்டை எடுத்துப்போனான்.
அதற்கு மட்டும் நன்றி.

மிஞ்சியவை இப்போது குளியல் தொட்டியில்:
ஆறு கோரிடோராஸ்,
செருப்பு நீளத்துக்கு ஒரு பிளெக்கோ.
கூரை சொட்டுகிறது என்று
கீழ்வீட்டிலிருந்து வந்த ராடோவானின் பின்னால்
அவன் மகள் வெண்டுலா எட்டிப் பார்க்கிறாள்.
இந்த ஊரில் டிசம்பரில்
குளியல் தொட்டிகளில் கெண்டை நீந்தும்,
பண்டிகை இரவு தட்டுக்கு வரும்.
"இதெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கே,
உங்க வீட்டுல எத்தனை பேர்?"
"ஒருத்திதான்" என்கிறாள் யித்கா.
குழந்தை மீன்களை எண்ணி,
போதும் என்று தலையாட்டுகிறது.

கோட்டையைத் தூக்கினாள்.
அடியில் கறுத்த சேறு, அழுகிய முட்டை வாடை.
அள்ளிய கரண்டியில்
நீலக் கல்லோடு கல்லாய் ஒரு நூல்
நெளிந்தது.

அயிரை.

ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிய நாலில் ஒன்று.
கடைசியாகப் பார்த்து ஆறு வருஷம்.
செத்த கணக்கில் எழுதியாயிற்று.
பழுப்பும் ஆரஞ்சுமாய்ப் பட்டை தேயாமல்,
மீசையில் பாதி கல்லில் உரசித் தேய்ந்து,
அவள் உள்ளங்கை ஈரத்தில்
எந்தப் பக்கம் இருட்டு என்று தேடியது.

காபிக் கோப்பையில் அதை விட்டு
மேலே ஒரு தட்டை மூடி
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
கூச்சல் கேட்ட இரவுகளில் எல்லாம்
இது இங்கேயேதான் இருந்திருக்கிறது.
சிந்தியதைத் தின்று.

பணி அட்டவணையின் பின்பக்கம் வரைந்திருந்த படத்தில்
செங்குத்துப் பாறைகள், கூர்மையான கருங்கல் சரளை.
வாங்கியும் வைத்திருந்தாள், இரண்டு மூட்டை.
மறுநாள் கடையில் திருப்பிக் கொடுத்தாள்.
மணல் கேட்டாள். மிக நைசாக.
கையைப் புதைத்துப் பார்த்து வாங்கினாள்.

பதினேழு வாளி அலசியும் கலங்கல் போகவில்லை.
ஆற்றோரம் பொறுக்கிய ஆல்டர் வேரை
முட்டைக்கோஸ் சூப் வைக்கும் பானையில்
மூன்று நாள் வேகவைத்தாள். வீடெல்லாம் ஈரக்காட்டு நெடி.
சீருடைப் பொத்தான் தைக்கிற கறுப்பு நூலால்
பெரணியை வேரோடு கட்டினாள்.
வடிகட்டியின் பஞ்சை மட்டும் குழாயில் கழுவவில்லை,
பழைய தண்ணீரிலேயே பிழிந்தாள்.
கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள் அதில்.
அவர்களும் ஒன்பது வருஷம்.

பிறகு காத்திருப்பு.
சோதனைத் தாளில் ரோஜா நிறம் வெளுக்கும்வரை
மீனில்லாத மணலுக்கு
தினம் ஒரு சிட்டிகை இரை.

ஜனவரி சந்தையில்
ஸ்பினியெக் வலையை ஓங்கிக்கொண்டு கேட்டான்:
"நியானா? நாற்பது போடட்டுமா?"
"அயிரை. ஐந்து."
"அது கண்ணுலயே படாதே அம்மா,
காசு குடுத்து மணல் பார்க்கப் போறீங்களா?"

விளக்கை அணைத்தபின்
டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றி
வேரடியில் பிடிக்கிறாள்.
ஒன்று. இரண்டு. பின்னிக்கொண்டு இரண்டு.
ஐந்து.
மணல் லேசாக எழும்பி அமர்கிறது.
ஆறாவதா, முதலாவதே திரும்பி வந்ததா?
நாலு மணிக்கு முதல் டிராம் எடுக்க வேண்டும்.
முழங்காலை மாற்றி ஊன்றி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள்.